மருந்துக்கடையில நிக்கிறதுக்கா நாலு வருஷம் படிக்கிற?



நீண்ட பதிவு. ஏ.எல். பயோ படிக்கிற பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் ஆறிய பிறகாவது யோசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு உம்மா மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓ.எல். வரை என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை. கெட்டிக்காரி. ஏ.எல். பயோவில் நல்ல ரிசல்ட் எடுத்திருக்கிறாள். ஆனால் நம்மட மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியோடு வைத்துப் பார்த்தால் மெடிசினுக்குக் காணாது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை எத்தனையாவதாகப் போடுவது என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். பிள்ளை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். முதலாவது மருத்துவம், இரண்டாவது பல் மருத்துவம், மூன்றாவது பாமசி.

உம்மா அந்த மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"டீச்சர், இத மட்டும் வெட்டச் சொல்லுங்க. மருந்துக்கடையில நிக்கிறதுக்கா நாலு வருஷம் படிக்கிற? ஊராக்கள் கேட்டா என்னத்தச் சொல்ற?"

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சரியான பதில் வாயில் வரவில்லை. அவர்கள் போன பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால் பதிலை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன படிப்பு?

பி.பார்ம். என்பது நான்கு வருடப் பட்டப்படிப்பு. பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுணு போன்ற அரச பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். ஒரு மருந்தின் இரசாயனம், அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது, குளிசையாகவும் பாணியாகவும் ஊசியாகவும் அதை எப்படிச் செய்கிறார்கள், எந்த மருந்தோடு எது சேரக் கூடாது, தரத்தை எப்படிப் பரிசோதிப்பது, மருந்துச் சட்டம் என்ன சொல்கிறது, இதெல்லாம் பாடம். ஆஸ்பத்திரி வாட்டில் போய்ப் படிப்பதும் உண்டு. முடித்த பிறகு இலங்கை மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதிய வேண்டும். ஆம், டொக்டர்மார் பதிகிற அதே சபைதான்.

கடையில் நின்று பெட்டியிலிருந்து குளிசை எடுத்துக் கொடுக்க இவ்வளவும் தேவையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வாப்பாவுக்குப் பல வருடமாகப் பிரஷர். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் லொசார்டன் குளிசை கொடுத்து வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் தலைச்சுற்று என்று ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் சனல் பண்ணிக் காட்டினோம். கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போனது எங்கள் பிழை. அவர் ஒரு துண்டு எழுதித் தந்தார். கடையில் அந்தக் குளிசையை வாங்கினோம். வாப்பா கிளினிக் மருந்தையும் விடாமல் புது மருந்தையும் சேர்த்து ஒழுங்காகக் குடித்தார். மருந்து விசயத்தில் அவர் கண்டிப்பானவர். போதாததற்கு முழங்கால் வலிக்கு அதே கடையில் துண்டு ஏதும் இல்லாமலே டைக்குளோபினாக் வாங்கி தினமும் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்துப் பதினொரு நாளில் சுபஹுக்கு எழும்பியவர் வுழூச் செய்யப் போன இடத்தில் விழுந்துவிட்டார்.

அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பாமசி மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை லீவில் வந்திருந்தாள். வாப்பாவைப் பார்க்க வந்தவள், "சேர், குடிக்கிற மருந்தெல்லாத்தையும் கொண்டாங்க பார்ப்பம்" என்றாள். பாயில் எல்லாவற்றையும் பரப்பி, அட்டைகளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து என் கையில் தந்தாள்.

"டீச்சர், பேர்தான் வேற. ரெண்டும் லொசார்டன்தான். சேர் டபுள் டோஸ் குடிச்சிருக்கார். பிரஷர் நல்லா இறங்கித்தான் விழுந்திருப்பார். இந்த வலிக் குளிசையும் வேணாம். பிரஷர் மருந்தோட சேர்ந்து கிட்னியப் பாதிக்கும். இண்டைக்கே டொக்டருக்கிட்ட காட்டுங்க."

அன்றே காட்டினோம். அவள் சொன்னதையேதான் டொக்டரும் சொன்னார். ஒரு குளிசையை நிறுத்தி, இரத்தம் சோதித்து, கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், வாப்பா இன்றைக்கும் பள்ளிக்கு நடந்து போகிறார்.

கடையில் மருந்து தந்த தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். ஓ.எல். முடித்து வேலைக்கு வந்த நல்ல பிள்ளை. மரியாதையானவன். துண்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தான், அதே பெயர் உள்ள பெட்டியை எடுத்தான், கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த வேலையை அவன் சரியாகவே செய்தான். "ஏற்கனவே வேறென்ன மருந்து குடிக்கிறீங்க?" என்ற ஒரு கேள்வியை அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவும், வரும் பதிலை விளங்கிக்கொள்ளவும்தான் அந்த நான்கு வருடம்.

ஒரே மருந்துக்குக் கம்பனிக்கு ஒரு பெயர் இருக்கிற இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. பேராசிரியர் சேனக பிபிலே என்று ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். மருந்தியல் பேராசிரியர். கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் உண்மைப் பெயரில் எழுத வேண்டும், தேவையான மருந்துகளை மட்டும் நாடு மொத்தமாக மலிவாக வாங்க வேண்டும் என்று போராடியவர். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவருடைய முயற்சியில். நாம் "ஒசுசல" என்று போய் மருந்து வாங்குகிறோமே, அது அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான். அவர் 1977 இல் கயானாவில் காலமானார். இலங்கையின் இந்தக் கொள்கையை எத்தனையோ வறிய நாடுகள் திரும்பிப் பார்த்தன. அந்த நாட்டில் இருந்துகொண்டுதான் நாம் மருந்தைப் படிப்பதை வெட்கமாக நினைக்கிறோம்.

இனி, யாருக்கும் பிடிக்காத விசயத்துக்கு வருகிறேன்.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. பாமசி நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். பதிவு செய்த மருந்தாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் அங்கே மருந்து கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. நடப்பது என்ன? சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கும். அதில் உள்ள பெயருக்குரியவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் கடையில் நிற்கிறவர்களுக்கே தெரியாது. மாதாமாதம் ஒரு தொகை போகிறது, சான்றிதழ் சுவரில் இருக்கிறது, ஆள் வேறு ஊரில் இருக்கிறார். எல்லாக் கடையும் இப்படி என்று சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் நான் சொல்வது பொய் என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தராசில் 10 கிராம் குறைத்துக் கொடுத்தால் ஹராம் என்று நமக்குத் தெரியும். இல்லாத மருந்தாளரை இருப்பதாகக் காட்டி மருந்து விற்பது எதில் சேரும்? வாங்குகிறவர் தன் உயிரை உங்கள் கையில் அமானிதமாகத் தருகிறார்.

இதுவும் அந்த உம்மாவின் கேள்வியும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. பாமசி என்றால் அரிசிக் கடை, துணிக் கடை மாதிரி ஒரு கடை என்று முதலாளியும் நினைக்கிறார், பெற்றோரும் நினைக்கிறார்கள். அதனால்தான் முதலாளி படித்தவரைத் தேடுவதில்லை, பெற்றோர் படிக்க விடுவதில்லை. கடைசியில் குளிசை எண்ணுவது ஓ.எல். முடித்த தம்பி. விழுவது நம்மட வாப்பாமார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பிரசவத்துக்குப் பெண் டொக்டர்தான் வேண்டும் என்று எவ்வளவு தூரமென்றாலும் போகிறோம். சரி. அந்த டொக்டர் எழுதிய துண்டை எங்கே கொடுக்கிறோம்? நாலு ஆம்பிளைகள் நிற்கிற கவுண்டரில், தெரிந்த பொடியனிடம், துண்டை நாலாக மடித்து நீட்டுகிறோம். எப்படிப் பாவிப்பது என்று கேட்க வெட்கம். கேட்காமலே வீட்டுக்கு வந்து கூகுளில் பார்க்கிற பெண்கள் எத்தனை பேர்? மாதவிடாய்க் கோளாறுக்கு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு, பால் கொடுக்கிற காலத்தில் எந்த மருந்து குடிக்கலாம் என்று கேட்க, நம்மட ஊர்ப் பாமசிகளில் படித்த பெண் மருந்தாளர் எத்தனை பேர் நிற்கிறார்கள்? "பொம்பிளப் புள்ளைக்கு இது சரிவராது" என்கிறீர்கள். பொம்பிளப் பிள்ளைகள் அங்கே இல்லாததால் பொம்பிளைகளே கஷ்டப்படுகிறோம்.

நோன்பு காலத்தை நினைத்துப் பாருங்கள். காலை, பகல், இரவு என்று மூன்று நேரம் குடிக்கிற குளிசையை ஸஹருக்கும் இப்தாருக்கும் எப்படி மாற்றுவது? சீனி வருத்தக்காரர் நோன்பு பிடித்தால் எந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், எதை மாற்றக் கூடாது? நீண்ட நேரம் மெதுவாக வேலை செய்கிற குளிசையை உடைத்துக் குடித்தால் என்ன ஆகும்? நம்மட மூத்தம்மாமார் இதையெல்லாம் தாங்களாகவே முடிவு செய்கிறார்கள். பகல் குளிசையை விட்டுவிடுவது, அல்லது இப்தாருக்கு இரண்டையும் ஒன்றாகப் போடுவது. டொக்டருக்கு ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. டொக்டரோடும் பேசி, கொப்பியையும் பார்த்து, இருந்து விளங்கப்படுத்த ஒரு மருந்தாளர் ஊருக்குள் இருந்தால் எவ்வளவு நல்லது! ரமழானுக்கு முன்னர் பள்ளியில் ஒரு பயான், அதற்குப் பிறகு ஒரு மருந்தாளரின் அரை மணித்தியாலம். இது நடக்க முடியாத காரியமா?

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் எனக்கு மூன்று நாள் எடுத்தது.

நானும் பயோ படித்தவள்தான். இரண்டு தடவை எழுதினேன். மெடிசின் கிடைக்கவில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியையாக வந்தேன். இன்று இந்தத் தொழிலுக்காக அல்லாஹ்வைப் புகழ்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முகத்தில் தெரிந்த "பாவம்" என்ற பார்வை இன்னும் மறக்கவில்லை. அதை அனுபவித்தவள் நான். அப்படி இருந்தும், 2016 இல் என்னிடம் படித்த ஒரு மாணவன் பாமசி கிடைத்திருக்கிறது என்று சொல்ல ஓடி வந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு. இன்னொருக்கா எழுது மகன், நீ மெடிசினுக்கே போவாய்" என்றேன். ஊக்கப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவன் கிடைத்த இடத்துக்குப் பதியவில்லை. இன்னொரு தடவை எழுதினான். புள்ளி குறைந்தது. மூன்றாவது தடவையும் எழுதினான். அதிலும் குறைந்தது. அதற்கு மேல் பல்கலைக்கழக வாசல் இல்லை. வாப்பா கடன் பட்டார், அவன் கத்தாருக்குப் போனான். போன வருடம் லீவில் வந்து என்னையும் பார்த்துவிட்டுத்தான் போனான். ஒரு கம்பனியின் ஸ்டோரில் வேலை. ஹலாலான உழைப்பு, அதில் குறையில்லை. என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. "தங்கச்சி பயோ படிக்கிறா டீச்சர், அவக்கு நல்ல மாதிரி வழி காட்டுங்க" என்று மட்டும் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு தடவை எழுதுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் சுகமில்லாமல் போன பிள்ளை, உண்மையிலேயே முன்னேற இடமிருக்கிற பிள்ளை எழுதட்டும். ஆனால் அந்த முடிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். ஊராக்களின் வாய்க்குப் பயந்து 19 வயதுப் பிள்ளையை 22 வயது வரை அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

பெற்றோருக்கு விளங்காத இன்னொரு விசயம். விண்ணப்பத்தில் பாமசியை மூன்றாவதாகப் போட்டால் மெடிசின் வாய்ப்புக் குறைந்துவிடாது. நீங்கள் போட்ட வரிசைப்படிதான் பார்ப்பார்கள். முதலாவதுக்குப் புள்ளி போதுமென்றால் முதலாவதுதான் வரும். வெட்டிவிட்டால் மட்டும் கிடைக்க இருந்ததும் இல்லாமல் போகும். ஒரு பாடநெறிக்குப் பதிந்த பிறகு மறுபடி விண்ணப்பிப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் யூ.ஜி.சி. கைநூலை நீங்களே வாசியுங்கள், அல்லது தெரிந்த ஒருவரை வைத்து வாசியுங்கள். டியூஷன் வாசலில் கேட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

"தொழில் கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். பட்டம் எடுத்த அடுத்த நாள் அரச நியமனம் வீடு தேடி வராது. காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். நாட்டின் நிலைமை நமக்குத் தெரியும். ஆனால் கதவு ஒன்று மட்டுமில்லை. அரச ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, மருந்து உற்பத்திக் கம்பனிகள், இறக்குமதிக் கம்பனிகள், அதிகாரசபை, பல்கலைக்கழக விரிவுரை, ஆராய்ச்சி என்று பல இருக்கின்றன. வளைகுடாவுக்குப் போவதென்றாலும் பட்டம், அனுபவம், அங்குள்ள தகுதிப் பரீட்சை மூன்றும் இருந்தால் மருந்தாளராகவே போகலாம். சொந்தமாகப் பாமசி திறந்தால் சுவரில் தொங்குவது சொந்தச் சான்றிதழ்.

நாட்டுக்கும் இவர்கள் தேவை. 2022 இல் மருந்து இல்லாமல் ஆஸ்பத்திரிகள் பட்ட பாட்டைக் கண்டோம். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் வந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைது செய்யப்படும் அளவுக்குப் போனது. நல்ல மருந்து எது, கெட்ட மருந்து எது என்று சோதித்துச் சொல்லவும், சரியில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழும்பி வரவும் படித்த, நேர்மையான ஆட்கள் வேண்டும். அந்தக் கதிரைகளில் நம்மட பிள்ளைகளும் இருக்கட்டுமே.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

டியூஷன் நடத்துகிற சேர்மார்களுக்கு: ரிசல்ட் வந்ததும் சந்தியில் பெனர் கட்டுகிறீர்கள். மெடிசின், இன்ஜினியரிங் கிடைத்தவர்களின் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது. பாமசிக்கும் தாதியத்துக்கும் ஆய்வுகூடத் துறைக்கும் போகிற பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைதான், அதுவும் அதே காசைக் கட்டியது. அதன் படத்தையும் போடுங்கள். பெனரில் இல்லாத பிள்ளை வீட்டில் தோற்ற பிள்ளையாகிறது.

பள்ளி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும்: புலமைப்பரிசில் கொடுக்கும்போது டொக்டர் படிப்பு, மற்றப் படிப்பு என்று பிரிக்காதீர்கள். தமிழ் மொழியில் படித்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு முதல் வருட ஆங்கிலம்தான் மலை. கெம்பஸ் தொடங்கும் வரை வீட்டில் சும்மா இருக்கிற மாதங்களில் ஒரு நல்ல ஆங்கில வகுப்பு நடத்துங்கள். நான் வந்து உதவி செய்கிறேன்.

பாமசி முதலாளிமாருக்கு: நம்மட ஊரில் பி.பார்ம். முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவருக்குக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆளுக்குக் கொடுங்கள். வேலை செய்கிற தம்பிமாரையும் மருந்தாளர் தகுதிப் பரீட்சைக்கு அனுப்புங்கள். அவர்களும் முன்னுக்கு வரட்டும்.

நம் எல்லோருக்கும்: அடுத்த முறை மருந்து வாங்கும்போது "இங்க பாமசிஸ்ட் யார்? ஒருக்கா கதைக்கலாமா?" என்று கேளுங்கள். சண்டைக்கு இல்லை, மரியாதையாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் முதலாளி யோசிப்பார். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம்.

அன்று வந்த உம்மாவும் இந்தப் பதிவை வாசிப்பார் என்று தெரியும். ராத்தா, கோபிக்க வேண்டாம். உங்கள் மகளின் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வரியை வெட்ட வேண்டாம். ஊராக்கள் கேட்டால், "என்ட மகள் மருந்து படிக்கப் போறா" என்று சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப என்றைக்கு வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அல்லாஹ் நம்மட பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.